இரண்டு கையெழுத்து

(திண்டுக்கல்லில் மாணவர்கள் கூட்டிய வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

'நவீன சீனாவில் சமூக மதிப்பீடுகளும் குடிமை மாற்றமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் சீனாவுக்குப் போனதில்லை. காலையில் பஸ் பிடித்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வருகிறவன். கவிதை எழுதுகிறவன் என்று கூப்பிட்டீர்களா, கேஷ் கூண்டுக்குள் உட்காருகிறவன் என்று கூப்பிட்டீர்களா, தெரியாது. இன்றைக்குக் கூண்டுக்காரனே பேசட்டும். சீனாவிலிருந்து ஆரம்பித்து நம்ம ஊருக்குத்தான் வருவேன். ஏனென்றால் அங்கேயும் இங்கேயும் நான் கேட்க நினைப்பது ஒரே கேள்வி: சட்டம் ஒரு மனுசனுக்கு நாற்காலி கொடுத்துவிட்டது, அவன் அதில் உட்கார முடிகிறதா?

1949இல் சீனாவில் புரட்சி. 1950இல் திருமணச் சட்டம். பெத்தவங்க கட்டாயப்படுத்தி முடிக்கிற கல்யாணம், பெண்ணுக்கு விலை பேசுவது, சின்னவீடு வைப்பது எல்லாம் ஒரே அடியில் சட்டவிரோதம் ஆனது. விவாகரத்து கேட்கிற உரிமை பெண்ணுக்கும் வந்தது. அதே காலத்தில் இங்கே அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை வைத்துக்கொண்டு போராடி, அது நிறைவேறாமல் போக, 1951இல் மந்திரி பதவியையே விட்டு வெளியே வந்தார்.

ஆனால் அதே சீனா 1958இல் ஹூகோ என்கிற குடும்பப் பதிவு முறையைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு ஆளும் கிராமத்தான் அல்லது நகரத்தான். நகரத்தானுக்கு ரேசன் தானியம், வேலை, வீடு. கிராமத்தான் நினைத்தபடி நகரத்தில் குடியேற முடியாது. பிள்ளைக்கு இந்தப் பதிவு தாயிடமிருந்து வரும். 1998 வரைக்கும் அப்படித்தான். ஷென்ஜென் மாதிரி நகரங்களைக் கட்டினவர்கள் கிராமப் பதிவுக்காரர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

இதைக் கேட்டதும் 'அங்கேயும் சாதி' என்று சொல்லத் தோன்றும். நான் சொல்லமாட்டேன். ஹூகோவில் தீட்டு இல்லை. அரசாங்கம் எழுதினதை அரசாங்கமே அழிக்கலாம்; கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியும் வருகிறார்கள். நம்முடையதை எழுதினது அரசாங்கம் இல்லை. தெரு எழுதினது.

இனி கிராமத் தேர்தலுக்கு வருவோம். 1940களில் யெனான் பகுதியில், எழுதப்படிக்கத் தெரியாத விவசாயிகள் ஓட்டுச்சீட்டுக்குப் பதிலாக அவரைக்கொட்டையைப் போட்டார்கள். வேட்பாளர் முதுகுப்பக்கம் கிண்ணம். பிடித்தவருடைய கிண்ணத்தில் கொட்டை விழும். கையெழுத்துத் தெரியாதவனும் ஆள்வதற்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். 1980இல் குவாங்ஸி பகுதியின் ஹெஜாய் கிராமத்தார் தாங்களாகவே கூடி ஒரு கிராமக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1987இல் பரிசோதனைச் சட்டம் வந்தது. 1998இல் அது நிரந்தரமானது. ரகசிய ஓட்டு, பதவியைவிட வேட்பாளர் எண்ணிக்கை அதிகம் என்றெல்லாம் விதி வந்தது.

நமக்குத்தான் ஆயிரம் வருசத்துக்கு முன்பே குடவோலை இருந்ததே என்று மேடையில் பெருமை பேசுவார்கள். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுசாகப் படியுங்கள். பேர் எழுதிக் குடத்தில் போட என்ன தகுதி? வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. அந்தக் குடத்தில் உழுதவன் பேர் விழவே இல்லை. அவரைக்கொட்டைக்கும் அந்த ஓலைக்கும் உள்ள தூரம் அதுதான்.

சீனத்துக் கிண்ணமும் நிறைந்தே இருக்கவில்லை. குவாங்டோங் மாகாணத்தில் ஊகான் என்று ஒரு கடற்கரைக் கிராமம். கொரோனாவால் நமக்குத் தெரியவந்த வூஹான் வேறு, இது வேறு. ஊர் நிலத்தை விற்றுத் தின்ற நிர்வாகத்தை எதிர்த்து 2011இல் மக்கள் எழுந்தார்கள். போராட்டத் தலைவர் லின் சூலுவானை 2012 மார்ச்சில் ஓட்டுப்போட்டு ஊர்த்தலைவர் ஆக்கினார்கள். உலகமே பாராட்டியது. நிலம் முழுசாகத் திரும்பவில்லை. 2016இல் அவரே லஞ்சக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். ஊர் நம்பவில்லை, மறுபடி தெருவில் இறங்கியது, அடக்கப்பட்டது.

அங்கே ஊர் கொடுத்த நாற்காலியை அரசு பிடுங்கியது. இங்கே அரசு கொடுத்த நாற்காலியை ஊர் பிடுங்குகிறது. வித்தியாசத்தை மனசில் வையுங்கள்.

73ஆவது சட்டத்திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. 1996இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல்: நான்கும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டவை. பத்து வருசம் தேர்தலை நடத்த விடவில்லை. நடத்தினால் தங்கள் பிடியில் இருக்கிற ஒருவரை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்தது.

மேலவளவு முருகேசன் பத்து வருசம் காத்திருக்கவில்லை. 1996 டிசம்பர் கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் முன்கூட்டியே விடுதலை செய்தார்கள்.

பழைய கதை என்று சொல்லிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் ஊராட்சித் தலைவியைக் கொடியேற்ற விடவில்லை. அதே வருசம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், கூட்டத்தில் தலைவி தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் இருக்கிற புகைப்படம் வெளியே வந்தது. கொடியேற்றுவதைத் தடுக்காதீர்கள் என்று 2022இல் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இதெல்லாம் பேப்பரில் வந்தது. இனி பேப்பரில் வராத ஒன்று. என்னைப் பற்றியது.

ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவர், துணைத்தலைவர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஊழலைத் தடுக்க வைத்த விதி. ஆனால் தலைவர் காலனியிலிருந்தும் துணைத்தலைவர் ஊர்த்தெருவிலிருந்தும் வந்தால் அந்த ரெண்டாவது கையெழுத்து என்ன ஆகும் என்று விதி எழுதினவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒரு ஊராட்சி. பேர் வேண்டாம். தலைவி நம்ம அக்கா, கூலி வேலைக்குப் போனவர். துணைத்தலைவர் பெரிய காட்டுக்காரர். ரெண்டு பேரும் வந்தால் அவர் மேனேஜர் முன்னால் உட்காருவார். அக்கா தூணோரம் நிற்பார். நான் ஒருநாள் நாற்காலியைக் காட்டினேன். "வேணாம் தம்பி, இருக்கட்டும்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்கும்போதும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன், அக்கா முகத்தைப் பார்த்து இல்லை.

பிறகு அவர் மட்டும் வர ஆரம்பித்தார். அக்கா கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகள் அவர் சட்டைப்பையில் இருந்தன. என் கண் முன்னாலேயே தேதி, பேர், தொகை எழுதுவார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பேன். சரியாக இருக்கும். பாஸ் செய்வேன். தோழர்களே, விதிப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை. பல மாசம் அப்படித்தான் செய்தேன்.

ஒருநாள் மத்தியானம் அக்கா தனியாக வந்தார். கூட பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள். "நான் எதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு பாக்க முடியுமா தம்பி?" கணக்கு அவருடையது. அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றோடு வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். உடனே அவரும் நிறுத்தினார். நாலு மாசம் ஒரு காசோலையும் வரவில்லை. தண்ணி திறந்துவிடுகிறவருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் சம்பளம் இல்லை. அவர்கள் யார்? நம்ம ஆட்கள். அக்கா வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டதும் அவர்கள்தான்.

அந்த நாட்களில் ஒருமுறை துணைத்தலைவர் என் கூண்டருகே வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?" இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் "திண்டுக்கல்லுதாங்கய்யா, நாகல்நகர்" என்றேன். நான் வாடகைக்கு இருக்கிற இடம் அது. பிறந்த தெருவைச் சொல்லவில்லை. மேடையில் சாதி ஒழிப்புக் கவிதை வாசிக்கிறவன், கூண்டுக்குள் வாடகை வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். எழுதப்படிக்கத் தடுமாறுகிற அந்த அக்கா ஊருக்குள்ளேயே, ஒளிய இடமில்லாமல் நின்றார்.

கடைசியில் மோட்டார் எரிந்துபோனது. காலனிக்கு மட்டும் இல்லை, ஊர்த்தெருவுக்கும் தண்ணி இல்லை. பத்தாம் நாள் ரெண்டு பேரும் வந்தார்கள். அக்கா யாரும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மனம் திருந்தினாரா? இல்லை. தண்ணி வேண்டியிருந்தது.

1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்: அரசியலில் சமத்துவம் வரும், சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வு நீடிக்கும், இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் கட்டினதே இடியும் என்றார். மதிப்பீடு மாறினபிறகு உரிமை வரும் என்று காத்திருக்க வேண்டாம். உரிமையை நாம் பயன்படுத்துகிற இடத்தில்தான் எதிராளியின் மதிப்பீடு வேறு வழியில்லாமல் இடம் விடுகிறது. ஆனால் ஒரு ஆள் தனியாகப் பயன்படுத்தினால் நாலு மாசச் சம்பளத்தை நம்ம ஆட்களே பறிகொடுக்க வேண்டும். அந்த நாலு மாசமும் நாம் எங்கே இருந்தோம்? நான் கூண்டுக்குள் இருந்தேன்.

நம் கையிலும் ஒன்று இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை நாட்கள் இருக்கின்றன. வரவுசெலவை அங்கே கேட்கலாம். நீங்கள் கல்லூரியில் படிக்கிறவர்கள். அடுத்த கிராமசபைக்கு அவரவர் ஊருக்குப் போங்கள். தனியாக வேண்டாம், நாலு பேராகப் போங்கள். தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். பிறகு கணக்கைக் கேட்டு வாங்கி, அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரிவரியாகச் சத்தமாகப் படியுங்கள்.

உங்களையும் யாராவது 'எந்தத் தெரு' என்று கேட்பார்கள். தெருப் பேரைச் சொல்லுங்கள். அடுத்த முறை நானும் சொல்கிறேன்.