மியூனிக்கில் முளைத்தது, மணல் பூமியில் விளைந்தது

நாஜிக் கட்சி பிறந்த ஊர், பவேரியாவின் தலைநகரமான மியூனிக். அப்படியானால் ஓட்டும் அங்கேதானே குவிந்திருக்க வேண்டும்? 1932 ஜூலைத் தேர்தலில் மேல் பவேரியா-ஸ்வாபியா தொகுதியில் அக்கட்சிக்குக் கிடைத்தது 27 விழுக்காடுதான். நாடு முழுவதும் 37. டென்மார்க் எல்லையை ஒட்டிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்திலோ 51! அதே மாகாணத்தில் 1928-இல் கட்சி வாங்கியது வெறும் 4.

கீல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ருடால்ஃப் ஹெபெர்லே இதன் காரணத்தை ஊர் ஊராகத் துருவினார். மாகாணத்தின் மேற்கே கடலோர வண்டல் நிலம். கிழக்கே பிரபுக்களின் பெரும் பண்ணைகள். நடுவில் 'கேஸ்ட்' என்னும் மணல் பூமி. பண்ணைக் கூலிகள் நிறைந்த கிழக்கில் இடதுசாரிகளுக்குப் பிடிமானம் இருந்தது. மணல் பூமியில் பண்ணையாரும் இல்லை, கூலிப் பட்டாளமும் இல்லை; சொந்த நிலத்தைக் குடும்பமே பாடுபட்டு உழுதது. நாஜி ஓட்டு மிகுதியாகக் கனத்தது அங்கேதான்.

கால்நடை விலை சரிந்தது. வட்டியும் வரியும் சரியவில்லை. 1928 ஜனவரியில் மாகாணமெங்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். ஜப்திக்கு வந்தவர்களை விரட்டினார்கள். கறுப்புக் கொடி பறந்தது. அரசு அலுவலகங்களில் குண்டுகளும் வெடித்தன. 1929 ஆகஸ்டில் நோய்மியூன்ஸ்டரில் போலீசோடு மோதல், பிறகு வழக்கு. அந்த வழக்கை நேரில் பார்த்த பத்திரிகையாளர் ஹான்ஸ் ஃபல்லாடா 1931-இல் அதை நாவலாகவே வெளியிட்டுவிட்டார். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கேட்பாரற்றுக் கிடந்த கோபத்தை நாஜிகள் வாரிக்கொண்டார்கள்.

கத்தோலிக்கர் மிகுந்த கொலோன்-ஆஹன் தொகுதியில் நாஜிகளுக்கு 20 விழுக்காடுதான். கடன் அங்கேயும் இருந்தது. ஆனால் தேவாலயம், சங்கம், கத்தோலிக்கர்களின் மையக் கட்சி என்று ஒன்றோடொன்று பின்னிய அமைப்புகள் மக்களைப் பிடித்து வைத்திருந்தன. வடக்கின் புராட்டஸ்டன்ட் விவசாயிகளுக்கு அப்படியொரு வீட்டுக் கட்சி இல்லை.

ஆக, மண்ணின் குணம் என்று பேசுவது சோம்பேறித்தனம். 2022 மாநிலத் தேர்தலில் இதே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், வலதுசாரி 'ஜெர்மனிக்கான மாற்று' கட்சிக்கு 4.4 விழுக்காடு கொடுத்துச் சட்டமன்றத்தை விட்டே அனுப்பியது. அக்கட்சி ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த இடத்தை இழந்தது அதுவே முதல் முறை.

இன்று அக்கட்சியின் கனம் ஜெர்மனியின் கிழக்கே. 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் கிழக்கின் ஐந்து மாநிலங்களிலும் அக்கட்சிக்கே முதலிடம். தூரிங்கியாவில் 38 விழுக்காட்டுக்கும் மேல். அங்குள்ள கிளையைத் தீவிர வலதுசாரி அமைப்பு என்று அம்மாநில உளவுத்துறையே 2021-இல் வகைப்படுத்தியிருந்தது.

அந்தத் தூரிங்கியாவுக்குள்ளேயும் ஐக்ஸ்ஃபெல்ட் என்றொரு கத்தோலிக்கத் தீவு உண்டு. கிளையின் தலைவர் பியோர்ன் ஹோக்கே குடியிருப்பது அங்கேதான். 2019 மாநிலத் தேர்தலில் அங்கே நின்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியிடம் தோற்றார். 2024-இல் கிரைட்ஸ் பக்கம் மாறிப் போய் நின்றார், அங்கேயும் தோல்வி. ஆனால் மாநிலம் முழுவதும் அவருடைய கட்சி 32.8 விழுக்காடு வாங்கி முதலிடம் பிடித்தது. கட்சிப் பட்டியல் வழியாக அவரும் சட்டமன்றத்துக்குள் போனார்.