ஒற்றைத் தலையிடியும் நரம்பின் கால்வாய்களும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எம் நண்பரொருவர் சென்ற பரீட்சையின்போது யன்னலோர மேசையில் இருந்தார். கண்முன் ஒளிக்கோடுகள் நெளிந்தன. அரைமணி கழியுமுன் ஒருபக்கத் தலையிடி, பின் வாந்தி. மேற்பார்வையாளர் "நடிப்பு" என்றார். நாமும் அப்போது வாய்திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். நடிப்பா, நோயா என்றறியவே நூலகம் புகுந்தோம்.

முகத்துக்கும் மூளையைப் போர்த்த சவ்வுக்கும் உணர்ச்சி தருவது முப்பெருநரம்பு. அதன் கலங்களுக்குள்ளே பொற்றாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. கலமென்சவ்விலுள்ள சில புரதங்கள் நுண்ணிய கால்வாய்களாக நின்று பொற்றாசிய அயன்களை வெளியே கசியவிடுகின்றன. அக்கசிவினாலேயே நரம்பின் உட்புறம் எதிரேற்றம் பெற்று அமைதியாயிருக்கிறது. நம் வெள்ளவத்தைக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். கடலோடு சேரும் வாய் அடைபட்டால் சிறு மழைக்கே ஒழுங்கைகளில் வெள்ளம் ஏறுமன்றோ? (வெள்ளவத்தையார்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை!) பொற்றாசியக் கசிவு குன்றினால் சிறு தூண்டலுக்கே நரம்பு கொதித்தெழும்.

இக்கால்வாய்களுள் ஒன்றின் பெயர் ட்ரெஸ்க். 2010 ஆம் ஆண்டில், கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர் ஒரு பெருங்குடும்பத்தை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். அக்குடும்பத்தில் ஒளிக்கோடுகளோடு கூடிய தலையிடி வந்தவரெல்லாம், ட்ரெஸ்க்கை ஆக்கும் பரம்பரையலகில் இரண்டே இரண்டு எழுத்துக்கள் விடுபட்டவராயிருந்தனர். கால்வாய் வேலை செய்யவில்லை.

விடை கிடைத்ததென்று மகிழ்ந்தோம், அவசரப்பட்டுவிட்டோம். ட்ரெஸ்க்கைச் செயலிழக்கச் செய்யும் வேறொரு விகாரம் தலையிடியே இல்லாதவரிடமும் காணப்பட்டது! இப்புதிரை 2019 இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் அவிழ்த்தனர். எழுத்து விடுபட்ட அலகிலிருந்து இன்னொரு துண்டுப் புரதமும் பிறக்கிறது. அது ட்ரெக் எனும் அயற்கால்வாய்களோடு சேர்ந்து அவற்றையும் அடைத்துவிடுகிறது. ஒரு வாய் அடைபட்டால் நரம்பு சமாளிக்கும். பல அடைபட்டால் என் செய்யும்?

ஒற்றைத் தலையிடிக்காரர் எல்லாரிடமும் இவ்விகாரம் உண்டென்பதில்லை. மிகச் சிலரிடமே உண்டு. ஆயினும் வலி நரம்பிலே பிறப்பதென்பது தெளிவு. இருட்டறையிற் படுக்கவைக்கும் எம் பாட்டிமார் ஒளியை விலக்கியது சரியே. சுக்குப் பற்றைப்பற்றி யாம் தீர்ப்புக் கூறோம்.

நண்பருக்கு அடுத்த பரீட்சையில் யன்னலுக்கு அப்பாற்பட்ட மேசை தரவேண்டுமென்று, இம்முறை நாமெல்லோரும் கையொப்பமிட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.