எத்தனை வருடம் ஆறப்போட வேண்டும்?

நடந்த ஒன்று எப்போது வரலாறு ஆகிறது? சட்டத்தைக் கேட்டால் கணக்குச் சொல்லும். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சிலை தொல்பொருள் ஆக 100 வயது நிரம்ப வேண்டும். ஓலைச்சுவடிக்கு 75 போதும். பிரிட்டனில் அரசுக் கோப்புகளைத் திறக்க 1958-இல் 50 ஆண்டு என்றார்கள். 1967-இல் 30 ஆக்கினார்கள். 2010-இல் 20 ஆக இறக்கினார்கள். ஆடித் தள்ளுபடி தோற்றது!

ஆறப்போட்டால்தான் நடுநிலை வரும் என்பார்கள். மௌலானா ஆசாத்தின் சுயசரிதை 1959-இல், அவர் மறைந்த மறு வருடம் வெளிவந்தது. ஆனால் சுமார் 30 பக்கங்கள் மட்டும் கல்கத்தாவிலும் டெல்லியிலும் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டன. உறை பிரிந்தது 1988-இல். எதிர்பார்த்த வெடிகுண்டு உள்ளே இல்லை; நேருவைப் பற்றிய குறைகள் இருந்தன. "அப்படி இல்லை, நடந்தது வேறு" என்று மறுக்க நேருதான் இல்லை. அவர் போய் 24 ஆண்டு ஆகியிருந்தது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை இப்படிக் காத்திருக்கவில்லை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 தொடங்கி கால் நூற்றாண்டு, கப்பல் வந்தது, பீரங்கி போட்டது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறின. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகைக்கு நடுவே, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் யார், தூண்டியவர்கள் யார், ஊர்ப் பெரியவர்கள் வந்து என்ன முறையிட்டார்கள் என்று சுடச்சுட எழுதிவைத்தார். பாரபட்சம் உண்டு, தற்பெருமையும் தாராளம். இருக்கட்டுமே! 1761 ஜனவரியில் அவர் கண்மூடிய சில நாளிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு கோட்டையையே இடித்துத் தள்ளினார்கள். ஆறட்டும் என்று அவர் இருந்திருந்தால், 1846-இல் அந்தக் குறிப்புகளைத் தேடிப் பிடித்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

நம் காலத்துக்கு வருவோம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலைக் கடல் கொண்டுபோனது கோப்புகளில் இருக்கிறது. அன்றிரவு பத்து வயதுப் பிள்ளைகள் எந்த மேட்டில் ஏறி நின்றார்கள், விடிந்ததும் குடிதண்ணீருக்கு எங்கே போனார்கள் என்பதைக் கோப்பு சொல்லாது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நம் வாசகர் வட்டத்து இளைஞர்கள், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய, கையில் இருக்கும் செல்போனோடு, வருகிற டிசம்பருக்குள் ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறட்டும்.