அந்த எண்பது பேர்



சாக்ரடீஸ் என்றதும் நம்மில் பலர் காதில் ஒலிப்பது சிவாஜியின் குரல். 1956-இல் வந்த ‘ராஜா ராணி’ படத்துக்குக் கலைஞர் எழுதிய அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். நாடகம் என்றால் ஒரு கொடியவன் வேண்டும். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் தேடினால் அப்படி ஒருவன் அகப்படவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கி.மு. 399. அங்கே நீதிபதி என்று தனியாக யாரும் இல்லை. முப்பது வயது கடந்த குடிமக்களிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்த ஏறத்தாழ 500 பேர்தான் நடுவர்கள். அன்றாடம் மூன்று ஒபல் காசு படி. ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை, புதுத் தெய்வங்களைக் கொண்டுவந்தார், இளைஞர்களைக் கெடுத்தார் என்று மெலீட்டஸ் வழக்குத் தொடுத்தான். அவனுக்குப் பின்னால் நின்ற அனைட்டஸ் சர்வாதிகாரியா? இல்லை. முப்பது பேர் கும்பலின் கொடுங்கோலாட்சியை விரட்டி, கி.மு. 403-இல் மக்களாட்சியை மீட்டவர்களில் ஒருவன்! அந்த முப்பதின்மரின் தலைவன் கிரிட்டியஸ், ஒரு காலத்தில் சாக்ரடீசோடு பழகியவன். அடிபட்ட ஊர், யார் மீதாவது கைவைக்கத் துடித்தது.

ஆனால் அதே முப்பதின்மர், சலாமிஸ் தீவின் லியோன் என்பவரைப் பிடித்து வாருங்கள் என்று ஐந்து பேரை ஏவியபோது, நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முன், கி.மு. 406-இல், கடற்படைத் தளபதிகளைக் கூட்டாக ஒரே வாக்கில் தண்டிக்க மக்கள் சபை கூச்சலிட்டபோதும் சட்டப்படி அது செல்லாது என்று மறுத்தவர் அவர்.

முதல் வாக்கெடுப்பில் சாக்ரடீஸ் குற்றவாளி என்றானது. முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலை என்று அவரே சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். அடுத்தது தண்டனை. உனக்கு என்ன தரலாம் என்று கேட்டால், ஒலிம்பிக்கில் வென்றவனுக்குப் போடுவதுபோல் ஊர்ச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்கிறார் எழுபது வயதுக் கிழவர்! பிறகுதான் நண்பர்கள் பிணை நிற்க முப்பது மினா அபராதம் கட்டுவதாகச் சொன்னார். இரண்டாம் வாக்கெடுப்பில், மரணத்துக்கு முன்னைவிட எண்பது வாக்குகள் கூடுதல் என்கிறார் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ்.

எண்ணிக்கை முன்பின் இருக்கட்டும். அந்த எண்பது பேரைப் பாருங்கள். சற்று முன் அவரைக் குற்றமற்றவர் என்றவர்கள்! நடுவில் புதுச் சாட்சி வந்ததா? இல்லை. கிழவரின் வாய் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அங்கே நடுவர்கள் கூடிப் பேசுவதும் இல்லை, தீர்ப்புக்குக் காரணம் சொல்வதும் இல்லை. கண்ட மனிதரையெல்லாம் நிறுத்திக் காரணம் கேட்ட ஒருவரை, காரணம் சொல்லத் தேவையில்லாதவர்கள் கொன்றார்கள்.

இதைக் கண்டு கசந்தாரோ என்னவோ, ஞானிகளே ஆள வேண்டும் என்று பிளேட்டோ எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய ஆசான் சாக்ரடீசுக்கே உடன்பாடு இருந்திருக்குமா என்பது சந்தேகம். டீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஏறத்தாழ ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. நண்பர் கிரிட்டோ பணத்தோடு வந்தார், தப்பிப்போக வழியும் வைத்திருந்தார். முப்பதின்மரின் கட்டளையை மீறிய அதே மனிதர், குலுக்கலில் வந்த ஐந்நூறு பேரின் தவறான தீர்ப்பை மீறி ஓட மறுத்துவிட்டார்.