புக்கர் பரிசும் கரும்புத் தோட்டமும்

கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக் 2025இல் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றபோது மகிழ்ந்தோம். மகிழத்தான் வேண்டும், பண்டாய இயக்கத்தில் வளர்ந்தவர் அவர். ஆயினும் அப்பரிசின் பெயர் எங்கிருந்து வந்தது? கயானாவின் கரும்பில் கொழுத்த புக்கர் மெக்கானல் நிறுவனத்திடமிருந்து. அந்நாட்டுத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக முதுகொடிந்தவர்களுள் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்டோரும் உண்டு.

1972இல் புக்கர் பரிசு பெற்ற மார்க்சிய எழுத்தாளர் ஜான் பெர்ஜர் இந்தச் சுரண்டலை விருது மேடையிலேயே எடுத்துரைத்தார். பரிசுத் தொகை 5,000 பவுண்டு. அதில் பாதியைப் பிரிட்டனின் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்கு அளிப்பதாக அறிவித்தார். மறுபாதியை ஐரோப்பாவின் புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய நூற்பணிக்கு ஒதுக்கினார். 1964இல் நோபலை மறுத்த சார்த்தரைப் போல இவரும் மறுத்திருக்கலாமே எனக் கேட்கும் தோழர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுத்திருந்தால் அந்தப் பணம் புக்கரிடமே தங்கியிருக்கும்.