கப்பலில் ஒரு குடும்ப விடுமுறை
(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் கதைப்பார் என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. பயப்பட வேண்டாம். "சிறுபிள்ளைகளோடு உல்லாசக் கப்பலில் போகலாமா?" என்று எங்கள் வகுப்புத் தோழிகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று விடை சொல்ல முயல்கிறேன்.

இந்தக் கேள்வி ஏன் இப்போது எழுகிறது? நாங்கள் சிதறிப்போன சமூகம். என் அம்மா யாழ்ப்பாணத்தில், அக்கா மெல்பேணில், நான் கொழும்பில். ஒருவர் வீட்டில் மற்றவர்கள் கூடினால் அந்த வீட்டுப் பெண் பத்துப் பேருக்குச் சமைத்தே களைத்துப் போவாள். ஆகவே நாங்கள் சிங்கப்பூரில் சந்தித்து, அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம் ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். என் பிள்ளைகளுக்கு அப்போது நான்கு வயதும் பதினான்கு மாதமும். அம்மம்மாவுக்கு எழுபத்திரண்டு. யாரும் சமைக்கவில்லை, யாரும் பாத்திரம் கழுவவில்லை. நாலு நாளும் அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னா.

முதலில் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை. பெரும்பாலான கப்பல்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தைகளை ஏற்பதில்லை; பல நாள் நடுக்கடலில் செல்லும் பயணங்களுக்கு 12 மாதம் கேட்பார்கள். பிள்ளைகளை விட்டுச் செல்லும் விளையாட்டுக் கூடங்களில் பொதுவாக 3 வயது நிரம்பி, மலசலகூடம் போகப் பழகிய பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. தொட்டிற் கட்டில் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காப்புறுதி எடுக்கும்போது, கடலிலிருந்து கரை வைத்தியசாலைக்கு அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்குகிறதா என்று கேளுங்கள். கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் அவர் குழந்தை வைத்திய நிபுணராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது தடுப்பூசி. சின்னமுத்து மிக இலகுவாகத் தொற்றும் நோய். இலங்கையில் அதற்குரிய எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. வெளிநாடுகள் பலவற்றில் முதல் ஊசியே 12 மாதத்தில்தான். 6 மாதம் தாண்டிய குழந்தையோடு பயணம் செய்பவர்கள், முன்கூட்டி ஒரு ஊசி தேவையா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

தலைச்சுற்றும் சத்தியும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே கூட. அவர்களைத் தட்டுக்கு அழைத்துச் சென்று அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தொலைபேசித் திரையை வாங்கி வையுங்கள். உங்களுக்குத் தந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். குறிப்பாக, புரோமெதசின் மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அது மூச்சைத் தடுக்கக் கூடும்.

கப்பலில் பலரும் அஞ்சுவது நொரோ வைரசால் வரும் சத்தியும் வயிற்றோட்டமும். கைக்குப் பூசும் அற்ககோல் திரவம் இந்தக் கிருமியைச் சரிவர அழிக்காது. சாப்பாட்டுக்கு முன்னும் மலசலகூடம் போனபின்னும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். ஜீவனிப் பைக்கற் சிலவற்றைப் பெட்டியில் வையுங்கள். பிள்ளைக்கு நோய் வந்தால் கப்பல் வைத்தியருக்கு மறைக்காதீர்கள். மறைத்தால் மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் பரவும்.

இனி, நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றி. பல கப்பல்களின் நீச்சல் தடாகங்களில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கூச்சலிடாது, கையசைக்காது; சத்தமில்லாமல் போய்விடும். "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவருமே பார்ப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தோம். அந்த நேரத்தில் அவருக்குத் தொலைபேசியும் இல்லை, கதையும் இல்லை. அணையாடை கட்டும் குழந்தைகளைப் பொதுத் தடாகத்தில் இறக்க விடமாட்டார்கள். அவர்களுக்கென்று தனி இடம் உண்டா என்று விசாரியுங்கள். பல்கனி உள்ள அறையானால் கதிரைகளைக் கம்பியோரத்திலிருந்து நகர்த்தி வையுங்கள்.

2012 ஜனவரி 13ஆந் திகதி இத்தாலியில் கொஸ்தா கொன்கோர்தியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் கொடுக்கப்படவில்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடத்த வேண்டுமென்ற சர்வதேச விதி 2015இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பயிற்சியைச் சலிப்பென்று விட்டுவிடாதீர்கள். குழந்தையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கியை முதல் நாளே கேட்டு வாங்கி, ஒருமுறை அணிவித்துப் பாருங்கள்.

இன்னுமொன்று. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர், தரைப்பாதை மூடியிருந்த 1990களில் திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர்கள். ஒரு பையும் அடையாள அட்டையுமாகக் காத்திருந்தவர்கள். என் அம்மாவும் அப்படி வந்தவதான். சிங்கப்பூரில் ஏறுவதற்கு முன் அவ சற்றுத் தயங்கினா. உங்கள் வீட்டு முதியவர்களும் தயங்கலாம். "இது வேறை கப்பல்" என்று அவசரப்படுத்தாமல், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும். கப்பலென்றால் நீச்சல் தடாகமும் ஐஸ்கிறீமும் என்று நினைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, அம்மம்மாவின் கப்பலும் தெரிந்திருப்பது நல்லது. எங்கள் மூத்தவன் அன்றிரவு முழுதும் அவவிடம் கேள்வி கேட்டபடியே இருந்தான்.

ஆகவே, போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பதே என் விடை. பணம் சேர்த்து, விதிகளைப் பார்த்து, மருந்துப் பெட்டியோடு போங்கள். அம்மாமார் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே அழைத்துச் செல்லுங்கள்.