ஆயா சொல்லிக்கொடுத்த நாலு எல்லை

(எங்கள் ஆயாவின் படத்திறப்பு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



சடங்கு எதுவும் வேண்டாம், படம் திறந்து நாலு பேர் பேசினால் போதும் என்று குடும்பத்தில் முடிவெடுத்தோம். சரி, எதைப் பேசுவது? நம் தெருவில் ஒரு கிழவி செத்துப்போனால் பேசுவதற்கென்றே சில வார்த்தைகள் வைத்திருக்கிறோம். ஒழைச்சே தேஞ்ச ஒடம்பு. வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டதில்ல. தான் பட்டினி கெடந்து புள்ளைங்களுக்குப் போட்டவ. இதைச் சொல்லி மாலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தியாகம் என்கிற சொல் ரொம்ப வசதியான சொல். யார் அவளைப் பட்டினி போட்டார்கள் என்று அது கேட்காது. அவள் எதை எதிர்த்தாள், எதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் கேட்காது. விட்டுக்கொடுக்காத அந்த ஒன்றைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆயா பொறுமைசாலி கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அறுப்புக் களத்தில் கூலி நெல் அளக்கும்போது மரக்காலுக்குள் கையை விட்டு அளந்தவனைப் பார்த்து, “கைய உள்ள வுட்டு அளக்கிறியே, அந்தக் கையையும் சேத்து கூலியா குடுப்பியா?” என்று கேட்டவள். அடுத்த நாள் அந்தக் களத்தில் அவளுக்கு வேலை இல்லை. அதற்கடுத்த நாள் அவளோடு நடவுக்குப் போகிற பதினைந்து பேரும் போகவில்லை. மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குள் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் யாரும் ஊருக்குள் போய் ‘ஆண்டே’ என்று கூப்பிடக் கூடாது. “அப்ப இன்னான்னு கூப்புடறது?” என்று என் நைனா சின்ன வயதில் கேட்டாராம். “பேரு வெச்சிருக்காங்க இல்ல, பேரச் சொல்லு. பயமா இருந்தா கூப்புடாத. வேல முடிஞ்சதும் வந்துடு” என்றாளாம். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும் இருந்த காலத்தில், பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண் சொன்னது இது. சுயமரியாதையை அவள் எந்தக் கூட்டத்திலும் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது அந்த நிலத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக் குழம்பு. பேரப்பிள்ளைகள் பதினோரு பேரும் தட்டோடு வரிசையாகக் குந்தியிருப்போம். யாருக்கு எலும்பு பிடிக்கும், யாருக்கு ஈரல் பிடிக்கும், யாருக்குக் காரம் ஆகாது என்று ஒவ்வொருவர் கணக்கும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கரண்டி குண்டானுக்குள் போவதற்கு முன்னால் நாங்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். “எல்லையச் சொல்லு.” கெழக்கால வண்டிப்பாட்டை. மேற்கால ரெட்டைப் பனை. வடக்கால ஏரிக்கால்வாய். தெக்கால நம்ம சுடுகாடு. ஒரு ஏக்கர் நாப்பது சென்ட்டு. வாய்ப்பாடு தெரியாத சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்ல வேண்டும். குழம்பு வாசனையோடுதான் அந்த நிலம் எங்களுக்குள் இறங்கியது.

அந்த நிலம் என்ன நிலம் என்று மாணவ நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராகப் பணியாற்றிய திரமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அதில் காட்டினார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதும், ரெவின்யூ பதிவேட்டில் டி.சி. நிலம் என்று எழுதியிருப்பதும் அதைத்தான். அப்படிக் கொடுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. வெள்ளைக்காரன் இரக்கப்பட்டுக் கொடுத்தான் என்று மட்டும் இதைப் படிக்கக் கூடாது. அதே 1891இல்தான் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைக் கொண்டுவருகிறார். நம்மவர்கள் குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் பத்து வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் கைமாற்றலாம். வேறு யாருக்கு மாற்றினாலும் அது செல்லாது. காகிதத்தில் இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. அப்புறம் எப்படிப் போனது?

எங்கள் நிலம் போன கதைதான் எல்லா நிலமும் போன கதை. மழை பொய்த்த ஒரு வருஷம். பெரிய அத்தைக்குக் கல்யாணம் வைத்தாகிவிட்டது. தாத்தா ஊருக்குள் போய் இரண்டு மூட்டை நெல்லும் இருநூறு ரூபாயும் வாங்கினார். ஒரு காகிதத்தில் பெருவிரலை வைத்தார். கடனுக்கு ஈடாக மூன்று போகம் பயிர் வைத்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னார்கள். காகிதத்தில் கிரயம் என்று இருந்தது. மூன்று போகம் முடிந்து ஏர் ஓட்டப் போன தாத்தாவை அடித்து அனுப்பினார்கள்.

ஆயாவை யாரும் கேட்கவில்லை. இதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நிலம் ஒப்படைக்கும்போது ஆண் பெயரில் ஒப்படைத்தார்கள். பிடுங்கும்போதும் ஆணின் விரலைத்தான் பிடித்தார்கள். அந்தக் கழனியில் நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்தவள் ஆயா. சாதி அவளை ஊருக்கு வெளியே வைத்தது. ஆண்கள், அதாவது நம் ஆண்கள், அவளைப் பேச்சுக்கு வெளியே வைத்தார்கள். தாத்தாவிடம் அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். “நீ வெச்சது ஒன் வெரலு. என் வெரலு இன்னும் எங்கையிலதான் இருக்குது.”

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அதே நிலத்துக்கு அவள் கூலிக்குப் போனாள். பறிகொடுத்த நிலத்துக்கே கூலியாகப் போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று தெருவில் கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பதில் இங்கே இருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும். “கூலிக்கு வர்றேன்னு அவன் நெனச்சுக்கட்டும். நான் என் நெலத்தப் பாத்துட்டு வர்றேன்.” வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலும் அவளுக்குத் தெரிந்தது அதனால்தான்.

1994இல் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் இந்த மாவட்டத்தில் எழுந்தது. காரணை நிலத்துக்காகத் திரண்ட மக்கள் மீது அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைக் கொன்றார்கள். அந்த இரண்டு பெயரையும் ஆயா கடைசிவரை மறக்கவில்லை. அதன் பிறகு சில வருஷம் கழித்து, நிலக் கணக்கு எடுக்க ஒரு மாணவர் எங்கள் தெருவுக்கு வந்தார். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, உங்கள் டி.சி. நிலம் எங்கே என்று கேட்டார். ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரிடமும் காகிதம் இல்லை. சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது என்ற பயமும் இருந்தது. ஆயா எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “வா தம்பி, காட்றேன்” என்று முன்னால் நடந்தாள்.

ரெட்டைப் பனையை அதற்குள் வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் அடி வைத்து எண்ணிப்போய் நின்ற இடத்தில் கடப்பாரையால் கிளறினால் பனைத்தூர் வந்தது. எங்கள் நிலம் மட்டுமில்லை, பக்கத்தில் ஏழு குடும்பத்து நிலத்தையும் நாலு எல்லையோடு சொன்னாள். அந்த மாணவர் பிற்பாடு கிராம வரைபடத்தை வாங்கிவந்து ஒப்பிட்டார். பொருந்தியது. எட்டுக் குடும்பத்தின் மனு அப்படித்தான் எழுதப்பட்டது. அந்த மனு இன்னமும் மேசை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் எட்டு நிலமும் எங்கே இருக்கிறது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு வரலாறு இல்லை என்று சொல்கிறார்கள். எழுதத் தெரிந்தவன் கிரயம் என்று எழுதிக்கொண்டான். எழுதத் தெரியாதவள் நாற்பது வருஷம் நடந்து நடந்து உண்மையைக் காப்பாற்றி வைத்திருந்தாள். எது ஆவணம்?

நான் பேங்க்கில் கிளார்க். விரல் ரேகையைத் தினமும் பார்க்கிற வேலை. முதியோர் உதவித்தொகை இந்த மாநிலத்தில் 2011இல் மாதம் 1000 ரூபாயாகவும், 2023இல் 1200 ரூபாயாகவும் ஆனது. அந்தப் பணத்தை வாங்கக் கிழவிகள் வருவார்கள். விரலை மெஷினில் வைப்பார்கள். மெஷின் ஏற்காது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைப்பார்கள். தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார்கள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். சேற்றிலும் அரிவாளிலும் சித்தாள் வேலையின் சிமெண்டிலும் தேய்ந்துபோன ரேகை. ஆயாவுக்கும் இதேதான். மூன்று மாதம் தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். நாலாவது மாதம் மெஷினைப் பார்த்து அவள் சொன்னாள்: “அன்னிக்கி நெலத்தப் புடுங்க எங்க வெரலு செல்லிச்சி. இன்னிக்கி ஆயிரம் ரூவா குடுக்க செல்லலியா?” இதற்கு மேல் ஒரு பொருளாதார விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி பேச வேண்டியதைப் பேசுகிறேன். சங்கடமானது. ஆனால் ஆயாவின் படத்துக்கு முன்னால் பேசாமல் வேறெங்கே பேசுவது?

அந்த நிலத்துக்குப் பக்கத்தில் ரோடு அகலமாகிவிட்டது. மனை போட்டு விற்கப் போகிறார்கள். ஆயா கண்மூடி முப்பது நாள்கூட ஆகவில்லை, வாரிசுகளிடம் ஒரு காகிதம் வந்திருக்கிறது. ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் தலைக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். எங்கள் சித்தப்பா முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்குக் கடன் இருக்கிறது, பெண்ணைக் காலேஜில் சேர்க்க வேண்டும். அவருடைய கஷ்டம் பொய் இல்லை. தாத்தாவின் கஷ்டமும் பொய்யாக இருக்கவில்லை. நம் கஷ்டம் முற்றும்வரை காத்திருந்து காகிதத்தோடு வருவதுதான் அவர்களின் வழக்கம்.

சித்தப்பா, உங்களிடமும் எல்லோரிடமும் ஒரு கேள்வி. வேறு சாதிக்கு மாற்றினால் செல்லாது என்று சட்டம் இருக்கும்போது, உங்கள் கையெழுத்தால் அந்தக் கிரயம் செல்லுபடியாகிவிடாது. இது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்? நாம் இனிமேல் கேட்காமல் இருப்பதற்காக. நாளைக்கு அந்த மனு ஏதாவது ஒரு மேசையில் எழுந்து நின்றால், ‘வாரிசுகளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று காட்டுவதற்காக. அவர்கள் விலை பேசுவது அந்த நாலு எல்லையை நாம் மறப்பதற்கு.

இன்னொன்று. காகிதத்தை நைனாவிடமும் சித்தப்பாவிடமும்தான் நீட்டியிருக்கிறார்கள். அத்தையிடம் நீட்டவில்லை. போன தடவை ஆயாவைக் கேட்கவில்லை, இந்தத் தடவை அவள் மகளைக் கேட்கவில்லை. அந்த இடத்தையாவது நாம் மாற்றுவோம். இந்தக் காகிதத்துக்கான பதிலை வீட்டுப் பெண்களை உட்காரவைத்துப் பேசி முடிவு செய்வோம். பெண்ணின் காலேஜ் பணத்துக்கு எட்டுக் குடும்பமும் சேர்ந்து என்ன செய்யலாம் என்பதையும் இன்றைக்கே பேசுவோம். என் பங்கை நான் முதலில் வைக்கிறேன். கையெழுத்துப் போடாதே என்று சொல்கிறவன், கடனுக்கு வழி சொல்லாமல் போகக் கூடாது.

ஆயா செத்த அன்று அத்தை ஒப்பாரி வைத்தாள். அம்மாவைப் பெற்றவளே, வளர்த்தவளே என்று அழுதுகொண்டே வந்தவள், திடீரென்று கிழக்கே வண்டிப்பாட்டையைச் சொன்னாள். மேற்கே பனையைச் சொன்னாள். கால்வாயைச் சொன்னாள். சுடுகாட்டைச் சொல்லும்போது சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயாவைத் தெற்கு எல்லையில்தான் புதைத்தோம்.

தோழர்களே, மனுவின் நகல் இங்கே இருக்கிறது. சட்டம் படிக்கிற மாணவர்கள் இரண்டு பேர் இதை எடுத்துக்கொண்டு போய், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்க வேண்டும். எட்டுக் குடும்பத்திலும் இருக்கிற வயதான பெண்களிடம் உட்கார்ந்து எல்லைகளைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களும் நிறைய நாள் இருக்க மாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாங்கள் அந்த நிலத்தைச் சுற்றி நடக்கப் போகிறோம். வருகிறவர்கள் வாருங்கள். மத்தியானம் கறிக்குழம்பு உண்டு. எல்லை சொன்னால்தான் சோறு.

ஜெய்பீம்.